வெருளுதலுக்குப் பிரெஞ்சுச் சொல்

தம்பி, பிரான்சில் அகதித் தஞ்சக் கோரிக்கையை விசாரிக்கும் அலுவலகமான ஒஃப்பிராவுக்குக் கொடுப்பதற்காக நீங்கள் தமிழில் எழுதிய வாக்குமூலத்தை லண்டனில் உள்ள உறவினர் ஆங்கிலமாக்கியபோது, 'வெருண்டேன்', 'ஒதுங்கினேன்' ஆகிய இரண்டு இடங்களிலும் 'ஃபிளின்ச்' என்ற ஒரே வினையைப் போட்டிருப்பதாகவும், அதைப் பிரெஞ்சில் எப்படி எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஈடான ஒற்றைச் சொல் பிரெஞ்சில் இல்லை. உடல் எதைக் கண்டு, எப்படி அசைந்தது என்பதைப் பொறுத்தே வினை மாறும்.

ஹெலிகொப்டர் சத்தத்துக்குத் துள்ளி விழுவது 'சுர்சொத்தே'. குதித்தலைக் குறிக்கும் 'சொத்தே' அதற்குள்ளேயே இருக்கிறது. சீருடைக்காரர் கிட்ட வரும்போது பின்னால் ஒதுங்குவது 'ரெக்குலே'. 'திரெஸ்ஸாயீர்' என்பது உடலில் சட்டென ஓடும் நடுக்கம். மகிழ்ச்சியிலும் அது வரும் என்பதால் உங்கள் வாக்குமூலத்துக்கு நான் அதை எடுக்கமாட்டேன். அகராதியில் 'புரோன்ஷே' என்று கண்டால் மிகவும் கவனமாக இருங்கள்: இன்று அது பெரும்பாலும் எதிர்மறையில், 'அசையாமல், மறுபேச்சின்றி' என்று சொல்லவே பயன்படுகிறது. 'பிராந்திர் து ரெக்குல்' என்பதோ நிதானமாக விலகி நின்று யோசிப்பது.

இதை நான் புதுக்குடியிருப்பில், அம்மாவின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நேற்றுப் பின்னேரம் தகரக் கூரையில் தேங்காய் ஒன்று விழுந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகைக் கைவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டார். 2009 இல் மாத்தளன் பங்கருக்குள் அவர் இருந்த இருப்பு அப்படியே அதுதான். அரிசியை நான் கூட்டி அள்ளி முடித்த பிறகும் அவர் கை காதை விட்டு இறங்கவில்லை. 'சுர்சொத்தே' என்ற வினை அந்த முதல் நொடியை மட்டுமே சொல்லும்; மிச்சத்தைக் கையும் காதும் சுவரும்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே வினையோடு நிறுத்தாமல், உங்கள் உடல் என்ன செய்தது என்பதையும் அடுத்த வசனத்தில் எழுதுங்கள். ஆங்கிலப் பிரதியை ஒருபுறம் வைத்துவிட்டு, தமிழிலிருந்து நேரே பிரெஞ்சுக்கு மாற்றக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். நேர்காணலில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உங்கள் வாயிலிருந்து 'வெருண்டேன்' என்பதைத்தான் கேட்பார்; அவர் சொல்லும் பிரெஞ்சும் தாளில் உள்ள பிரெஞ்சும் ஒரே அசைவைக் காட்ட வேண்டும். திருத்திய பிரதியை எனக்கு அனுப்புங்கள், அந்த இரண்டு வசனங்களையும் நானே வாசித்துப் பார்க்கிறேன்.