14 மணி நேர டேப்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அப்பா கேம்கார்டரில் எடுத்த மினி டிவி (MiniDV) டேப்புகள் 40 எங்கள் வீட்டில் இருக்கின்றன. அக்கா கல்யாணம், ஊர் மாரியம்மன் பொங்கல் எல்லாம் அதில்தான். ஃபயர்வயர் (கேமராவை இணைக்கும் பழைய வகைப் போர்ட்) உள்ள பழைய கணினியில் 12 டேப்பை ஏற்றிவிட்டேன். அவற்றை லேப்டாப்பில், ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எச்.265 என்ற சுருக்க வடிவம் ஆக்கும்போது ஒரு மணி நேர டேப்புக்கு 14 மணி நேரம் ஆகிறது. 8 ஜிபி ராமை 32 ஆக்கினேன், எஸ்எஸ்டியும் போட்டேன். பத்து நிமிடம்கூடக் குறையவில்லை. பிரீசெட் (வேக அமைப்பு) வெரி ஸ்லோ, அளவு 1080, டீஇன்டர்லேஸில் (அரைப்படங்களை முழுப்படமாக்கும் அமைப்பு) பாப், இரைச்சல் நீக்க என்எல்மீன்ஸ். வேறு லேப்டாப்தான் வாங்க வேண்டுமா?

வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

வாங்க வேண்டாம். ராமுக்குப் போன காசு போனதுதான், அந்த ராமை வேறு வேலைக்கு வைத்துக்கொள்.

ஒரு மணி நேர மினி டிவி டேப் கணினியில் ஏறினால் சுமார் 13 ஜிபி. நொடிக்கு 3.6 எம்பி. பழைய சுழலும் டிஸ்க்கே இதைத் தூக்கத்தில் படித்துத் தரும். நேரத்தைத் தின்பது பிராசசர். அதன் தலையில் நீ ஏற்றியிருக்கும் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்.

டேப்பில் இருப்பது 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளி. 1080 என்றால் 1920க்கு 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. பாப் போட்டதால் நொடிக்கு 25 ஃபிரேம் என்பது 50 ஆகிறது. ஆக, பத்து மணி நேர டேப்பின் வேலையை ஒரு மணி நேர டேப்புக்குச் செய்யச் சொல்லியிருக்கிறாய். போதாததற்கு வெரி ஸ்லோவும் என்எல்மீன்ஸும். ஃபில்டர்களிலேயே மிக மெதுவானவற்றில் என்எல்மீன்ஸ் ஒன்று.

பாப் இருக்கட்டும். டேப்பில் நொடிக்கு 50 அரைப்படம் உண்மையாகவே இருக்கிறது, பொங்கல் கும்மியின் கைவீச்சு அதில்தான் வழுக்காமல் தெரியும். 1080ஐ எடுத்துவிடு. டேப்பில் பதியாத அக்காவின் மூக்குத்திக் கல்லை எந்த அமைப்பும் கொண்டுவராது. பெரிதாக்கும் வேலையை டிவியே பார்த்துக்கொள்ளும். இந்த அளவு வீடியோவுக்கு நானாக இருந்தால் எக்ஸ்264 (எச்.264 வடிவம் செய்யும் என்கோடர்), பிரீசெட் ஸ்லோ, சிஆர்எஃப் (தர அளவு) 18 வைப்பேன். என்எல்மீன்ஸ் வேண்டாம், கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக இருந்தால் இருக்கட்டுமே.

எச்.265 செய்யும் எக்ஸ்265தான் வேண்டும் என்றால் ஒன்று சொல்லி வைக்கிறேன். அது படத்தை 64 வரி உயரக் கட்டங்களாகப் பிரித்து, வரிசை வரிசையாகக் கோர்களுக்குப் பங்கு போடும். 576ஐ 64ஆல் வகுத்தால் 9 வரிசைதான். ஒரே நேரத்தில் 16 வேலை ஓட்டும் (16 த்ரெட்) பிராசசரில் ஒரு பகுதி சும்மா நிற்கலாம். டாஸ்க் மேனேஜரைப் பார்த்துப் பழுது என்று நினைத்துவிடாதே. ஒரே நேரத்தில் இரண்டு கோப்பை ஓடவிடு, ஹேண்ட்பிரேக்கில் அதற்கு வழி உண்டு.

குவிக் சிங்க், என்வென்க் மாதிரி, சிப்பிலேயே பதித்த வன்பொருள் என்கோடர் சில நிமிடத்தில் முடித்துவிடும். ஆனால் அதே தரம் வேண்டுமென்றால் கோப்பு பெருக்கும். வாட்ஸாப்பில் சித்திக்கு அனுப்ப அது போதும், எடுத்து வைக்க வேண்டாம்.

அப்புறம் சூடு. பாலக்காட்டு மார்ச் வெயில் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 90-100 டிகிரியை எட்டினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு கொய்த்து (நெல் அறுவடை) முடிந்த சமயம் என் லேப்டாப் விசிறியைத் திறந்தேன், உள்ளே நெல் உமித் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பிரஷால் தட்டிய பிறகு ஐந்து மணி நேர வேலை மூன்றரைக்கு வந்தது. மெத்தை மேல் வைத்து ஓட்டாதே. சார்ஜரைச் செருகி வை, பவர் சேவரை அணை.

இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் என் கவலை மிச்சமுள்ள 28 டேப்தான். ஏற்றிய கோப்பை அடுத்த வருடம்கூட என்கோட் செய்யலாம். ஈரத்தில் பூஞ்சை பிடித்த டேப் அப்படிக் காத்திருக்காது. டேப் ஓடும் வேகத்தில்தான் ஏறும், எந்தக் கணினியும் அதைக் குறைக்க முடியாது. 28 மணி நேரம். தினம் இரண்டு என்றால் இரண்டே வாரம். எடவப்பாதி மழைக்கு (ஜூன் மாதப் பருவமழை) முன்னால் ஏற்றிவிடு. நடுநடுவே கேமராவின் ஹெட்டை கிளீனிங் டேப் போட்டுத் துடைத்துக்கொள்.