அப்பாவின் பத்மினி: லோனா, எஃப்.டி.யா?

கேள்வி: வயது 41. திருச்சியில் தனியார் வேலை, கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமான அப்பாவின் 1988 மாடல் பிரீமியர் பத்மினி வீட்டு ஷெட்டில் நிற்கிறது. ஆர்.சி. 2023-லேயே முடிந்துவிட்டது. மெக்கானிக் கொடுத்த எஸ்டிமேட்: இன்ஜின் 75,000, டிங்கரிங்-பெயின்டிங் 1,10,000, சீட்-ரூஃப் 35,000, வயரிங் 15,000, டயர்-பேட்டரி 25,000, ஆக 2,60,000. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி வேலையை நானே செய்துவிடுவேன். 14% வட்டியில் 2.5 லட்சம் பர்சனல் லோன் தர வங்கி தயார். எஃப்.டி.யில் 4 லட்சம் உண்டு. இரண்டு ஆண்டில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் வரும். பழைய கார் விலை ஏறத்தான் செய்யும், இது முதலீடு என்கிறார் நண்பர். லோன் எடுக்கவா, எஃப்.டி.யை உடைக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

முதலில் நண்பரின் கணக்கு. பத்மினி ஏராளமாக விற்ற கார். அரிய வண்டி என்று சொல்ல முடியாது. விண்டேஜ் (பழம்பெரும் வண்டி) பதிவு வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆக வேண்டும். உங்கள் வண்டிக்கு அது 2038. வாங்கினாலும் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு தவிர வேறெதற்கும் சாலையில் ஓட்டக்கூடாது. எனவே இந்த 2.6 லட்சத்தை அப்பாவின் நினைவுக்கான செலவு என்றே எழுதிவையுங்கள். செலவு தவறில்லை, முதலீடு என்று பெயர் வைத்துக் கடன் வாங்குவதுதான் தவறு.

லோன் கணக்கைப் பாருங்கள். 2.5 லட்சம், 14%, மூன்று ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 8,545. மொத்தம் 3,07,600 கட்டுவீர்கள். அதே 8,500-ஐ மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டால் 30 மாதத்தில் 2,55,000 சேரும். ஞாயிறு மட்டும் வேலை செய்தால் கார் முடிய எப்படியும் இரண்டு, இரண்டரை ஆண்டு ஆகும். வேலை நகரும் வேகத்துக்குத்தான் பணம் தேவை. லோனோ முதல் நாளே முழுத் தொகைக்கும் வட்டி ஓட ஆரம்பித்துவிடும், பிரித்துப்போட்ட கார் ஷெட்டில் தூங்கினாலும் சரி.

எஃப்.டி.யை மகளின் பெயரை மனதில் வைத்து மறந்துவிடுங்கள். அவசரம் என்றால் அதன் மீதே கடன் கிடைக்கும், பெரும்பாலும் எஃப்.டி. வட்டியைவிட 1 முதல் 2% தான் கூடுதல்.

இனி எஸ்டிமேட். பிரேக், பெட்ரோல் லைன், ரேடியேட்டர், ஆர்.டி.ஓ. செலவு எதுவுமே அதில் இல்லை. டிங்கரிங் தொகையும் வெளியே தெரிவதை வைத்துச் சொன்னதுதான். பத்மினிக்குத் தனியாக சேசிஸ் ஃபிரேம் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் சேசிஸ். தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும் துருப்பிடித்திருந்தால் வண்டியின் முதுகெலும்பே போனது மாதிரி. காருக்குள் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கிவிட்டு, ஜாக் வைக்கும் இடங்கள், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை பாடி மீது நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பள்ளம், ஓட்டையை நிரப்பும் பட்டி தடிமனாகப் பூசியிருக்கிறது, உள்ளே தகடு இல்லாமலும் இருக்கலாம். இப்படிப்பட்ட இடங்கள் நிறைய இருந்தால் 1,10,000 போதவே போதாது. நானாக இருந்தால் அந்த வரியில் மட்டும் 40% கூட்டி வைப்பேன்.

இன்ஜினுக்கு 75,000 என்பதும் திறந்து பார்க்காமல் சொன்ன தொகையாகத்தான் இருக்கும். நாள்பட நின்ற இன்ஜினை செல்ஃப் அடிக்க வேண்டாம். பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தால் உடையலாம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டேபிள் ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பேட்டரி கொடுத்துச் சிறிது நேரம் சுழலவிட்டு, ஊற்றிய ஆயில் வெளியேறிய பின் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் மீட்டர்) வைத்து நான்கு சிலிண்டரின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் மட்டும் மறுபடி ஒரு ஸ்பூன் ஆயில். அளவு ஏறினால் கோளாறு ரிங்கிலோ சிலிண்டரின் உள்சுவரிலோ (போர்), முழு இன்ஜினும் இறங்க வேண்டும். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும், பில் பாதிக்கும் கீழே வரலாம்.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. அந்தக் காலத்து வால்வு சீட்டுகள் (வால்வு வந்து உட்காரும் வளையங்கள்) பல, ஈயத்தை நம்பியவை. எனவே ஹெட் இறங்கும்போதே அவற்றைப் பார்த்து, தேவைப்பட்டால் கெட்டியான வால்வு சீட் போடச் சொல்லுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் (ரப்பர் சவ்வு) உப்பவைத்துக் கசியவிடலாம். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் தீதான். எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்குங்கள். பம்பர், கண்ணாடி, விளக்கு போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டையில் பழையதாகத் தேடலாம். ரப்பரும் பிரேக் சாமானும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31-இல் பெயர் மாற்றம். படிவம் 25-இல் ஆர்.சி. புதுப்பிப்பு. 20 ஆண்டு தாண்டிய காருக்கு மத்திய விதிப்படி புதுப்பிக்க 10,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500, அதாவது ஆண்டுக்கு 6,000. பசுமை வரி தனி. மொத்தம் எவ்வளவு வரும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். பழைய ஆர்.சி. புத்தகம் அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிங்கருக்கு வண்டியைக் கொடுக்கும் முன் சேசிஸ் நம்பர் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள், போட்டோவும் எடுங்கள். கிரைண்டரோ பட்டியோ அந்த எண்ணை மூடிவிட்டால் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி அநாதைதான். இன்ஜினையே மாற்றினாலும் நிறத்தை மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

ஆகவே முதல் இரண்டு மாதச் சேமிப்பான 17,000 சோதனைக்கும் பெயர் மாற்றக் காகிதத்துக்கும் மட்டும்; புதுப்பிப்புக் கட்டணமும் தாமதக் கட்டணமும் வண்டி இன்ஸ்பெக்ஷனுக்குத் தயாரான பிறகு. தகடும் காகிதமும் சரியில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். உங்களுக்கு நஷ்டம் அந்த 17,000-க்கு மேல் போகாது. சரியென்றால் அடித்தகடு வெல்டிங், பிறகு பிரேக், பெட்ரோல் லைன், இன்ஜின், வயரிங். பெயின்டும் சீட்டும் கடைசி. பெயின்டை வீட்டில் அடிக்காதீர்கள், பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட் புகை நுரையீரலைக் கெடுக்கும். வண்டிக்கு அடியில் படுக்கும்போது ஹாலோ பிளாக் வைக்காதீர்கள், இரும்பு ஜாக் ஸ்டாண்ட் நான்கு வாங்குங்கள். மெக்கானிக்குக்கு மொத்த அட்வான்ஸ் வேண்டாம். சாமானை உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முன் இன்ஷூரன்ஸ் வேண்டும். 1089 சிசிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. சேதக் காப்பீடும் எடுத்தால், ஐந்து ஆண்டு தாண்டிய காருக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பில்கள் கையில் இருந்தால்தான் அந்தப் பேச்சில் உங்களுக்குப் பலம்.

பின்னாளில் விற்க நேர்ந்து லாபம் வந்தாலும் வரி கிடையாது. சொந்த உபயோகக் கார் மூலதனச் சொத்துக் கணக்கில் வராது. அதே காரணத்தால், நஷ்டம் வந்தாலும் வேறெந்த லாபத்திலும் கழிக்க முடியாது.