பழைய குடும்பப் படங்களை வீடியோவாக வெளியிடும்போது காட்சிகளை வெட்டுவதும் மாற்றுவதும் உண்மைதானா? அது சரியா?

உண்மைதான். ஏழாம் வகுப்பு படிக்கும்போதே இந்த விஷயத்தில் பத்து ரூபாய் பந்தயம் கட்டி ஜெயித்தவன் நான். அநியாயமாக ஜெயித்தேன் என்பது இருபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

பெரியப்பா குவைத்தில் இருந்தார். ஒரு லீவில் வந்தபோது டிஸ்னியின் 'அலாதின்' படப் பாட்டுக் காஸெட் கொண்டுவந்தார், அது அண்ணனுக்கு. அடுத்த முறை வந்தபோது அதே படத்தின் வீடியோ காஸெட், அது எங்கள் வீட்டுக்கு. படத்தின் முதல் பாட்டில் ஒட்டகத்தில் வரும் வியாபாரி தன் ஊரைப் பற்றிப் பாடுவான். "மூஞ்சி பிடிக்கலைன்னா காதை அறுத்துருவாங்கன்னு பாடறான்டா" என்றான் அண்ணன். "காதும் இல்ல மூக்கும் இல்ல, பரந்த பாலைவனம், பயங்கர வெயில்னுதான் பாடறான்" என்றேன் நான். டெக்கில் போட்டு, ரிவைண்ட் பண்ணி, மூன்று முறை கேட்டோம். காது வரவே இல்லை. அண்ணன் முகம் தொங்கிப்போக, நான் பத்து ரூபாயை வாங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். 1992ல் படம் தியேட்டருக்கு வந்தபோது காதை வெட்டும் வரி இருந்தது. அப்போது வந்த பாட்டுக் காஸெட்டிலும் இருந்தது. அமெரிக்காவில் அரபு வம்சாவளியினருக்கான உரிமை அமைப்பு ஒன்று ஆட்சேபித்தது. தங்கள் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்ற நியாயமான கவலை. 1993ல் வீடியோ காஸெட் வரும்போது டிஸ்னி அந்த வரியை மாற்றிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த வரியில் 'காட்டுமிராண்டித்தனம்தான், ஆனாலும் நம்ம ஊராச்சே' என்ற பொருளில் வரும் சொல் அப்படியே தங்கிவிட்டது. அந்தச் சொல் நீங்க 2019ல் நடிகர்களை வைத்து எடுத்த புதுப் படம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, அண்ணன் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. ஆனால் டெக் என் பக்கம் இருந்தது. இந்த விஷயத்தில் என்னை உறுத்துவதும் இதுதான். வரியை மாற்றியது தப்பே இல்லை என்பேன். எங்கேயும் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றிவிட்டு, சரியாக ஞாபகம் வைத்திருந்தவனைப் பொய்யனாக்கியதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தியேட்டரில் ஓடியபோது வராத சந்தேகம் வீடியோவில் மட்டும் ஏன் வருகிறது என்று கேட்கலாம். தியேட்டரில் படம் ஒரு முறை ஓடிப்போய்விடும். வீட்டில் குழந்தை அதையே நூறு முறை பார்க்கும், போதாததற்குக் கையில் பாஸ் பட்டன் வேறு. 1977ல் வந்த 'தி ரெஸ்க்யூவர்ஸ்' என்ற எலிகள் படத்தை 1999 ஜனவரியில் டிஸ்னி மறுபடி காஸெட்டாகப் போட்டது. மூன்றே நாளில், ஏறக்குறைய 34 லட்சம் காஸெட்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. எலிகள் பறந்துபோகும் காட்சியில், பின்னணியில் ஒரு ஜன்னலில், இரண்டே இரண்டு ஃபிரேமில், மேலாடை இல்லாத பெண்ணின் புகைப்படம். ஓடும் வேகத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். யாரோ செய்த குறும்பு, இருபது வருஷம் தியேட்டர் இருட்டில் பத்திரமாக இருந்துவிட்டு, வீட்டு ஹாலில் மாட்டிக்கொண்டது.

இதில் எல்லோரும் சிரித்துவிட்டுப் போகலாம். 'ஃபேன்டேசியா' விஷயத்தில் சிரிக்க முடியாது.

1940ல் வந்த படம். பீத்தோவனின் ஆறாவது சிம்பொனி ஒலிக்க, இடுப்புக்கு மேல் பெண், கீழே குதிரை என்ற கிரேக்கக் கதை உருவங்கள் ஆற்றங்கரையில் அலங்காரம் பண்ணிக்கொள்ளும். அவர்களுக்குக் குளம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிற வேலைக்காரி ஒருத்தி உண்டு. பெயர் சன்ஃப்ளவர். மற்றவர்கள் பாதி குதிரை, இவள் பாதி கழுதை. கறுப்பு நிறம், தடித்த உதடு, சிலுப்பிக்கொண்ட சடைகள். அன்றைய அமெரிக்கா கறுப்பினப் பெண்ணை எப்படிக் கேலி செய்ததோ அதே அச்சு. 1969ல் படத்தைத் திரும்ப வெளியிட்டபோது அவளை எடுத்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீடியோவுக்குக் கொண்டுவந்தபோது காட்சியை வெட்டவில்லை. வெட்டினால் இசை தடுமாறும். அதற்குப் பதில் படத்தைப் பெரிதாக்கி, அவள் திரைக்கு வெளியே போகும்படி செய்தார்கள். இன்று பார்த்தால், காரணமே இல்லாமல் படம் ஒரு முகத்துக்கு நெருக்கமாகப் போய் நிற்கும். ஏன் இவ்வளவு கிட்டே போகிறார்கள் என்று தோன்றும். அவ்வளவுதான் தடயம். குளம்பைத் தேய்த்துவிட்டவள் போய்விட்டாள், தேய்த்துக்கொண்டவர்கள் மட்டும் அழகாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் பெண்ணுக்கு ஆறு வயது. அவளுக்குச் சன்ஃப்ளவர் இருக்கிற பதிப்பைக் காட்டுவேனா என்றால், மாட்டேன். ரோஜர் ஈபர்ட் போன்ற விமர்சகரே, பழைய பிரதியை வரலாற்றுக்காகக் காப்பாற்ற வேண்டும், குழந்தைகள் பார்க்கும் பிரதியில் அந்த உருவம் தேவையில்லை என்று எழுதினார். எனக்கும் சம்மதம்தான். ஆனால் அவர் சொன்னதில் முதல் பாதி ஒன்று இருக்கிறதே, பழைய பிரதி? அது இன்றுவரை கடைக்கு வரவில்லை. வேண்டுமென்றால் பெரியவர்கள் பார்க்க, டிஸ்க்கில் ஒரு ஓரமாகக்கூடக் கிடையாது. இத்தனைக்கும் அதே காட்சியில் மது தேவனுக்குப் பக்கத்தில் வரும் வரிக்குதிரை உடல் கொண்ட இரண்டு கறுப்பினப் பணிப்பெண்கள் படத்தில் இன்னும் இருக்கிறார்கள். என்ன கணக்கோ!

   

சிகரெட் இன்னொரு தலைவலி. 1948ல் வந்த 'மெலடி டைம்' படத்தில் பெகோஸ் பில் என்ற கௌபாய், மின்னலிலேயே சிகரெட் பற்றவைப்பவன். 1998ல் காஸெட் போட்டபோது அந்தச் சிகரெட்டை அழித்தார்கள். சில இடங்களில் கை வாய்க்குப் போய்வரும், விரலில் ஒன்றும் இருக்காது. புயலை அடக்குகிற காட்சியில் அழிக்க வழியில்லாமல் பெரும்பாலும் தூக்கியே விட்டார்கள். நம்மூரில் சிகரெட் வந்தால் மூலையில் 'புகைபிடித்தல் உடல்நலத்திற்குக் கேடு' என்று ஓடுகிறதே, அதைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. நானும் செய்திருக்கிறேன். இப்போது யோசித்தால் அது எவ்வளவோ மேல். அசிங்கமாக இருந்தாலும் படத்தின் மேல் ஒட்டியதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். படம் அடியில் அப்படியே இருக்கிறது. நம்ம சென்சார் போர்டும் கத்தரி பிடித்தவர்கள்தான், ஆனால் எதை வெட்டினோம் என்பதைச் சான்றிதழில் எழுதிவைக்க வேண்டும். ஸ்டூடியோ தன் படத்தைத் தானே வெட்டும்போது அந்தக் கட்டாயமும் இல்லை.

'ஈ.டி.' படத்தில் ஸ்பீல்பெர்க் செய்தது தெரிந்த கதை. 2002 பதிப்பில் அதிகாரிகள் கையிலிருந்த துப்பாக்கியை வாக்கி டாக்கியாக மாற்றினார். ஆனால் அந்த டிவிடியிலேயே 1982 பதிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2012 ப்ளூரேயில் துப்பாக்கி திரும்பி வந்துவிட்டது, மாற்றியது தப்பு என்று அவரே பிற்பாடு சொல்லிவிட்டார். ஓடிடி வந்த பிறகு டிஸ்க்கும் தேவையில்லை, ராத்திரியோடு ராத்திரியாகக் கோப்பை மாற்றினால் போதும். 1984ன் 'ஸ்ப்ளாஷ்' படக் கடற்கன்னிக்கு 2020ல் டிஸ்னி பிளஸ்ஸில் கம்ப்யூட்டர் முடி முளைத்து, பின்பக்கத்தை மூடியது. பார்க்க ஈரச் சாக்கு மாதிரி இருந்தது. பெரியவர்களுக்கான படம் என்பதால் டிஸ்னி பெயரில் வரக்கூடாது என்று டச்ஸ்டோன் என்ற தனிப் பெயரை உண்டாக்கி வெளியிட்ட முதல் படம் அது. சுற்றிச் சுற்றி டிஸ்னி பெயருக்குக் கீழேயே வந்து மாட்டியது.

நமக்கு இதெல்லாம் விட நெருக்கமானது 'டாம் அண்ட் ஜெர்ரி'. துடைப்பத்தோடு டாமைத் துரத்தும் அந்த அம்மாவை ஞாபகம் இருக்கிறதா? முகம் தெரியாது. கால், செருப்பு, ஏப்ரன், அவ்வளவுதான். சின்ன வயதில் அவரை நான் வீட்டுக்கார அம்மா என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் அப்படிப் பார்க்கவில்லை. கறுப்பின வேலைக்காரி என்ற பழைய கேலி உருவமாகத்தான் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்தது. அந்த உருவத்துக்கு முதலில் பின்னணிக் குரல் பேசியவர் லிலியன் ராண்டால்ஃப் என்ற நடிகை. அறுபதுகளில் டிவிக்காகச் சில படங்களில் அந்த உருவத்தையே வெள்ளைக்காரப் பெண்ணாகத் திரும்ப வரைந்து, ஐரிஷ் வாடையில் பேசவைத்தார்கள். தொண்ணூறுகளில் உருவத்தை விட்டுவிட்டு, தியா விடேல் என்ற கறுப்பின நடிகையை வைத்துக் குரலை மட்டும் மாற்றினார்கள். ஆக ஒரே கார்ட்டூனை மூன்று தலைமுறை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறது.

டிவிடி காலத்தில் வார்னர் நிறுவனம் வேறு வழி பிடித்தது. 2005ல் வந்த தொகுப்பில் கறுப்பின நடிகை ஹூப்பி கோல்ட்பர்க் திரையில் வந்து, இவை அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு, ஆனால் நீக்கினால் இந்தப் பாரபட்சமே இருந்ததில்லை என்று சொல்வது போலாகும் என்ற கருத்தை எடுத்துச் சொல்வார். நான் பார்த்தவற்றில் நேர்மையான வழி இதுதான். ஆனால் அதே நிறுவனம் 2013ல் முகத்தில் கறுப்பு அப்பிக் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் இரண்டு கார்ட்டூன்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்த தொகுப்பை அறிவித்தது. ரசிகர்கள் சண்டை பிடித்தார்கள். தொகுப்பே வெளிவராமல் நின்றுபோனது!

முழுசாகப் பூட்டிவைப்பதும் உண்டு. 1946ல் வந்த 'சாங் ஆஃப் த சவுத்' அமெரிக்காவில் இன்றுவரை வீடியோவாக வந்ததில்லை. கறுப்பினத்தவர் கஷ்டப்பட்ட பண்ணை வாழ்க்கையைச் சொர்க்கமாகக் காட்டும் படம், அதில் எனக்கும் வாதம் இல்லை. ஆனால் அதில் நடித்த கறுப்பின நடிகர் ஜேம்ஸ் பாஸ்கெட் சிறப்பு ஆஸ்கர் வாங்கியவர். அட்லாண்டாவில் அன்றிருந்த நிறப் பாகுபாட்டால் தன் படத்தின் முதல் காட்சிக்கே அவரால் போக முடியவில்லை. படத்தைப் பூட்டினால் அவர் வேலையும் சேர்ந்து உள்ளே போகிறது. அதன் பாட்டையும், அதை வைத்துக் கட்டிய சறுக்குப் படகு விளையாட்டையும் மட்டும் அமெரிக்காவில் 2023 வரை காசாக்கினார்கள்.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் யூட்டாவில் 'டைட்டானிக்' காஸெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், ஐந்து டாலருக்கு அந்த நிர்வாணக் காட்சியை வெட்டித்தரும் கடை ஒன்று இருந்தது. பிறகு இது பெரிய தொழிலாகி, சுத்தப்படுத்திய டிவிடி விற்கக் கிளம்பியவர்கள் மேல் ஸ்டூடியோக்களும் இயக்குநர்களும் வழக்குப் போட்டார்கள். 2006ல் ஸ்டூடியோ பக்கம் தீர்ப்பு. அதற்கு முந்தைய வருஷம் வந்த சட்டம், உன் வீட்டில் பார்க்கும்போது சாஃப்ட்வேர் வைத்து வேண்டாததைத் தாண்டிக்கொள், ஆனால் வெட்டிய பிரதியைத் தனியாக உண்டாக்காதே என்கிறது. எனக்கு இது ரொம்பச் சரியாகப் படுகிறது. ரிமோட் என் கையில் இருக்கிறது, என் பெண்ணுக்கு எது வேண்டாமோ நான் தாண்டிக்கொள்கிறேன். படம் படமாக இருக்கட்டும். மற்றவர்கள் வெட்டினால் கலைக்குக் கேடு என்று கோர்ட்டுக்குப் போன ஸ்டூடியோக்கள், தாங்கள் வெட்டும்போது அட்டையில் ஒரு வரியாவது அச்சடிக்கலாம்.

போன தீபாவளிக்கு இந்த அலாதின் கதையை அண்ணனிடம் சொல்லி, ஜிபேயில் பத்து ரூபாய் அனுப்பினேன். "வட்டி எங்கடா?" என்றான். அந்தப் பாட்டுக் காஸெட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். "பரண்ல இருக்கு. போட்டுக் கேக்கத்தான் வீட்ல டேப் ரெக்கார்டர் இல்ல."