ரூட் இல்லாமல் விஎம் ஓட்டும்போது வரும் எஸ்இலினக்ஸ் மறுப்புகள்: கேள்வி பதில்

கேள்வி: என் சொந்தக் கணக்கில், லிப்வர்ட் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) செஷனில் விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டுகிறேன். சூடோ போட்டு, அதாவது ரூட் (நிர்வாகிக் கணக்கு) அதிகாரத்தில், இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைலை (டிஸ்க் நகல்) திறக்க மாட்டேன் என்கிறது. எல்லோரும் படிக்கலாம் என்ற 644 அனுமதி இருக்கிறதே?

பதில்: 644 போதாது. அதற்கு மேல் எஸ்இலினக்ஸும் பார்க்கும்: ஃபைலுக்கும் ஓடும் புரோகிராமுக்கும் லேபிள் ஒட்டி, எது எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கும் லினக்ஸ் காவல் அது. விஎம் தொடங்கும்போது லிப்வர்ட் அந்த ஃபைலின் லேபிளை மாற்றப் பார்க்கும். ஆனால் ஃபைல் ரூட் பெயரில் இருப்பதால் உங்கள் கணக்கால் மாற்ற முடியாது, லிப்வர்ட்டும் ஒரு எச்சரிக்கையோடு மேலே போய்விடும், அப்புறம் விஎம்மை உண்மையில் ஓட்டும் க்யூஈஎம்யூ அதைத் திறக்கும்போதுதான் மறுப்பு வரும். சிபி (cp) போட்டு உங்கள் பெயரில் ஒரு நகல் எடுங்கள். எம்வி (mv, நகர்த்தல்) வேண்டாம், பழைய உரிமையாளரும் பழைய லேபிளும் கூடவே வந்துவிடும்.

கேள்வி: ஹோம் ஃபோல்டர் என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழி வரும் ஃபோல்டர்) இருக்கிறது. அங்கேயும் மறுப்பு.

பதில்: வர்ட்_யூஸ்_என்எஃப்எஸ் (virt_use_nfs) என்ற எஸ்இலினக்ஸ் பூலியனை (ஆன்/ஆஃப் சுவிட்ச்) ஆன் செய்யச் சொல்லுங்கள். அதற்கு ரூட் வேண்டும்.

கேள்வி: செட்என்ஃபோர்ஸ் 0 (எஸ்இலினக்ஸ் தடுப்பதை நிறுத்தும் கட்டளை) போட்டதும் வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. தடுப்பது எஸ்இலினக்ஸ்தானா என்று பார்க்க மட்டும் அதைப் போடுங்கள், உடனே 1 போடுங்கள். ஒரு ஃபைலுக்காக முழு மெஷினையும் திறந்து வைக்காதீர்கள்.

கேள்வி: ஆடிட்2அலவ் (மறுப்பு லாகைப் பார்த்து அனுமதி விதி எழுதும் கருவி) கொடுத்த விதியை ஏற்றினேன், சரியாகிவிட்டது.

பதில்: தயவுசெய்து அந்த மாட்யூலை நீக்குங்கள். அந்த விதியில் எஸ்வர்ட்_டி (ஓடும் விஎம்மின் லேபிள்), யூசர்_ஹோம்_டி (ஹோம் ஃபைல்களின் லேபிள்) இரண்டும் இருந்தால், உங்கள் ஹோமில் அந்த லேபிள் உள்ள எல்லா ஃபைலையும் எல்லா விஎம்மும் படிக்கலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். தப்பு லேபிளில் இருக்கிறது, பாலிசியில் (எஸ்இலினக்ஸின் விதித் தொகுப்பு) இல்லை.

கேள்வி: ஒரே ஆள் பயன்படுத்தும் லேப்டாப்புக்கு இவ்வளவு எதற்கு? இதெல்லாம் சர்வருக்குத்தானே?

பதில்: நேர்மாறு! லிப்வர்ட்டின் சிஸ்டம் முறையில் க்யூஈஎம்யூ வேறொரு கணக்கில் ஓடும், செஷனில் உங்கள் கணக்கிலேயே ஓடுகிறது. 2015-ல் வந்த வெனம் என்ற பாதுகாப்பு ஓட்டை க்யூஈஎம்யூவின் ஃப்ளாப்பி கன்ட்ரோலர் கோடில் இருந்தது. அப்படி ஒன்று வழியாக விஎம்முக்குள் இருப்பவன் வெளியே வந்தால், சாதாரண அனுமதிகளின் கண்ணுக்கு அவனும் நீங்கள்தான், உங்கள் எஸ்எஸ்ஹெச் சாவியும் அவனுடையதுதான். அங்கே குறுக்கே நிற்பது எஸ்வர்ட்_டி லேபிள். அதோடு ஒவ்வொரு விஎம்முக்கும் சி0 முதல் சி1023 வரைக்குள் இரண்டு எண்கள் தனியாகக் கொடுக்கிறார்கள், அதனால் ஒரு விஎம் பக்கத்து விஎம்மின் டிஸ்க்கையும் தொட முடியாது.

கேள்வி: விஎம்மை நிறுவியதே நான்தான். என்னையே நான் நம்பக் கூடாதா?

பதில்: உங்களை நம்புங்கள். உள்ளே நீங்கள் இறக்கி ஓட்டும் புரோகிராமை யார் எழுதினார்கள்? நம்பாததை ஓட்டிப் பார்க்கத்தானே பலர் விஎம்மே போடுகிறார்கள்.

கேள்வி: சூடோ போட்டு இறக்கிய ஐஎஸ்ஓ திறக்கவில்லை...

பதில்: முதல் பதில். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: உபுண்டுவில்?

பதில்: அங்கே எஸ்இலினக்ஸுக்குப் பதில் ஆப்ஆர்மர், வேறு கதை. கர்னல் லாகில் 'டினைட்' (DENIED) என்று தேடிவிட்டு அது தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: மறுப்பு நடக்கிறது, ஆனால் ஏயூசர்ச்சில் (மறுப்பு லாகைத் தேடும் கட்டளை) ஒரு வரிகூட இல்லை.

பதில்: நல்ல கேள்வி. சில மறுப்புகளைப் பதிவு செய்யாதே என்று பாலிசியிலேயே டோன்ட்ஆடிட் விதிகள் உண்டு. ரூட்டாக செமாட்யூல் -டிபி (semodule -DB) போட்டால் அவை விலகும். விஎம்மை மறுபடி ஓட்டி லாகைப் பாருங்கள், முடிந்ததும் செமாட்யூல் -பி (semodule -B) போட மறக்காதீர்கள், இல்லையென்றால் லாக் நிரம்பி வழியும்.