வீட்டுக்கடியில் உடைந்த கழிவுநீர்க் குழாய்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க வீடு கரிசல் பூமியில கட்டுனதுங்க, நாப்பது வருசமாச்சு. ஆசாரத்துல (கூடத்துல) டைல்ஸ் ரெண்டு எடத்துல இறங்கிப் போச்சு. கக்கூசுல தண்ணி மெதுவாத்தான் போகுது, நாத்தம் வேற. அடியில பழைய பீங்கான் குழாய். அந்த எடத்தை மட்டும் ஒடச்சு சிமெண்ட் பூசுனாப் போதும்னு கொத்தனார் சொல்றாரு. பூசலாமுங்களா?
- வாசகி, உடுமலை

பதில்: பூச வேண்டாம், நிற்காது. கரிசல் மண் கோடையில் சுருங்கி வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். வீட்டைச் சுற்றியுள்ள மண் இப்படி ஏறி இறங்க, தரைக்கடியில் இருப்பது அவ்வளவாக அசையாது. சிமெண்ட் வைத்து அடைத்த பீங்கான் மூட்டுக்கு வளையத் தெரியாது. அஸ்திவாரத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் விரியும். கசியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போவதால் டைல்ஸ் இறங்குகிறது.

தரையைத் தொடுமுன் கசிவது எது என்று பாருங்கள். இரவில் எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டி மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் நல்லதண்ணீர்க் குழாயிலும் பழுது உண்டு. குறையவில்லையென்றால் கக்கூசில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டுநீலம் கலந்து ஊற்றி, வெளிச் சேம்பரை (கழிவுநீர்க் குழாய் வந்து சேரும் மூடியுள்ள தொட்டி) திறந்து பாருங்கள். நீலம் குறைவாகவோ தாமதமாகவோ வந்தால் இடையில் உடைப்போ அடைப்போ இருக்கிறது.

கக்கூஸ் வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் ஆசாரத்தை உடைக்கவே வேண்டாம். அதுதான் எங்கள் முதல் யோசனை. சுவர் வழியாக நேரே வெளியேற்றிப் பொடக்காளி (கொல்லைப்புறம்) பக்கம் புதுக் குழாய் போடுங்கள். பழைய குழாயை இரு முனையிலும் அடைத்து, தண்ணியான சிமெண்ட் பால் ஊற்றி நிரப்பிவிடலாம். காலியாக விட்டால் எலி குடியேறும், மண் மேலும் இறங்கும்.

உள்ளேதான் போட வேண்டுமென்றால் 110 மி.மீ. பி.வி.சி. குழாய் வாங்குங்கள். அதில் ஐ.எஸ். 15328 முத்திரை இருக்க வேண்டும். மண்ணில் புதைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கான தரம் அது. மூட்டு பசை ஒட்டுவதாக இல்லாமல் ரப்பர் வளையம் வைத்ததாக இருக்கட்டும், மண் அசைந்தால் கொஞ்சம் இடம் கொடுக்கும். முனையைச் சாய்வாகச் சீவி, சோப்புத் தண்ணீர் தடவி முழுக்கச் செருகி, பிறகு 10 மி.மீ. வெளியே இழுத்து வையுங்கள். கிரீஸ் தடவினால் ரப்பர் கெடும்.

வாட்டம் (சரிவு) 10 அடிக்கு 3 அங்குலம். கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பாமல் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) பிடிக்கச் சொல்லுங்கள். பள்ளத்து முனையிலிருந்து தொடங்குங்கள், குழாயின் அகன்ற வாய் மேட்டைப் பார்த்திருக்கட்டும். அடியில் 4 அங்குலம் எம் சாண்ட், மேலே 6 அங்குலம் கல்லில்லாத கிராவல் மண். தோண்டிய கரிசலைத் திருப்பிப் போடாதீர்கள். அஸ்திவாரத்தைத் துளைக்கும் இடத்தில் குழாயைச் சுற்றி 2 அங்குலம் இடைவெளி விடுங்கள். அங்கே காங்கிரீட் இறுக்கினால் பழைய உடைப்பேதான் திரும்ப வரும். திருப்பத்தில் 90 டிகிரி பெண்டு ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு போட்டால் அடைப்பு குறையும். சேம்பர் சுவரில் சேரும் குழாய் முனையில் பசை தடவி மணல் தூவிக் காயவிடுங்கள், வழவழப்பான பி.வி.சி.யில் சிமெண்ட் பிடிக்காது.

மூடுமுன் கீழ் முனையை அடைத்து, மேல் முனையில் மூன்றடி நிமிர்குழாய் வைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அரை மணி நேரத்தில் மட்டம் இறங்கினால் மூட்டைப் பிரித்து மறுபடி போடச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டியபின் இதைச் செய்ய முடியாது.

கேள்வி: சேம்பருக்குள்ள வேப்பமர வேர் வந்திருச்சுங்க. ஆசிட் ஊத்தலாமா?
- வாசகர், கோபி

பதில்: வேண்டாம். ஆசிட் சிமெண்ட் மூட்டைத்தான் தின்னும். முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. கசியும் மூட்டு இருப்பதால்தான் வேர் ஈரம் தேடி வந்தது. வேரை அறுத்து எடுத்துவிட்டு அந்த நீளத்துக்குக் குழாயை மாற்றுங்கள். செப்டிக் டேங்கிலோ ஆழமான சேம்பரிலோ யாரையும் இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் ஆளைச் சாய்க்கும், கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. உறிஞ்சு லாரியை அழைத்துக் காலி செய்தபின், மேலிருந்தே கம்பி விட்டு வேலையை முடிக்கச் சொல்லுங்கள்.