குரோமோசோம் விரியவில்லையா? முதலில் ஏசியைப் பாருங்கள்

குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்த வளர்ப்பு (ரத்த செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது) நன்றாக வந்தும் மெட்டாஃபேஸ், அதாவது பிரியும் செல்லில் குரோமோசோம்கள் தெளிவாகத் தெரியும் நிலை, விரியாமல் கொத்தாகவே கிடக்கிறது, அதுவும் ஏசி அறைக்கு மாறிய பிறகுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் செல் பிரிவை மெட்டாஃபேஸில் நிறுத்தும் கொல்செமிட்டைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்லைடு சீக்கிரம் காய்கிறது என்றுதான் தோன்றுகிறது.

ஃபிக்ஸேட்டிவ் (செல்லைப் பதப்படுத்தும் திரவம்) நிதானமாக ஆவியானால்தான் செல் தட்டையாகி குரோமோசோம்கள் விலகும். ஏசியோ காற்றின் ஈரத்தை இழுத்துவிடும். ஈரப்பதம் 50 சதவீதம், வெப்பம் 25 டிகிரி, இதையொட்டி இருந்தால் வேலை சுலபம். மேசையில் ஒரு ஹைக்ரோமீட்டர் வையுங்கள். செல் கலந்த துளியை விட்டதும் ஸ்லைடை வாட்டர் பாத் ஆவியில் லேசாகக் காட்டிப் பாருங்கள்.

சாயம் போடும் முன் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் (சாயமில்லாமலே செல்லைக் காட்டுவது) குரோமோசோம்களைப் பார்ப்பது முக்கியம். கன்னங்கரேலென்று மினுங்கினால் வேகமாகக் காய்ந்திருக்கிறது. வெளிறியிருந்தால் ரொம்ப மெதுவாக. பளபளப்பில்லாத அடர்சாம்பல் என்றால் சரி. சுற்றிலும் சைட்டோபிளாசப் படலம் தெரிந்தால் மட்டும் கதை வேறு: செல்லை உப்ப வைக்கும் பொட்டாசியம் குளோரைடில் வைத்த நேரம் போதவில்லை, அல்லது ஃபிக்ஸேட்டிவில் இன்னும் கழுவ வேண்டும். ஃபிக்ஸேட்டிவ் கலவை இதுதான்: மெத்தனால் மூன்று பங்கு, அசெட்டிக் அமிலம் ஒரு பங்கு. அன்றன்றைக்குக் கலந்ததுதான், நேற்றையது வேண்டாம்.

குரோமோசோமில் பட்டைகள் தெரிவதற்குப் போடும் ட்ரிப்சின் என்சைமின் நேரத்தை மாற்றி இதைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் பட்டையை எங்கே போய்ப் படிப்பது?

அப்புறம், மிச்ச பெல்லட்டை (அடியில் படிந்த செல்களை) கொட்டிவிடாதீர்கள். புது ஃபிக்ஸேட்டிவில் மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் மறுபடி ஸ்லைடு போடலாம். நோயாளியிடம் திரும்ப ரத்தம் கேட்க வேண்டியிருக்காது.