108 வந்து சேரும்வரை உங்கள் கை என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கடலூர் – புதுச்சேரி சாலையில், முள்ளோடைக்குப் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறேன். பைக் விபத்துகள் அடிக்கடி கண்ணெதிரே நடக்கின்றன. கூட்டம் கூடுகிறது. ஒருவர் முகத்தில் தண்ணீர் அடிக்கிறார், ஒருவர் சோடா கொடுக்கிறார், இன்னொருவர் ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றிவிடுகிறார். 108 வரும்வரை காத்திருப்பதா, கிடைத்த வண்டியில் ஏற்றுவதா? ரத்தம் நிற்க கயிறு கட்டலாமா? கடையில் என்ன வாங்கி வைக்கலாம்? கேஸ் என்று அலையவிடுவார்களா?

பதில்: ரத்தத்திலிருந்து தொடங்குவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய 4 லிட்டர் ரத்தம். உங்கள் கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நான்கு, அவ்வளவுதான். அதில் ஒன்றரை லிட்டர் போய்விட்டாலே உயிர் ஊசலாடும். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஐந்து நிமிடத்துக்குள் ஆள் போய்விடலாம். அந்த ஐந்து நிமிடத்துக்குள் எந்த ஊரிலும் ஆம்புலன்ஸ் வந்து நிற்பது அபூர்வம். அதனால் பக்கத்தில் நிற்கிறவர் கைதான் முதல் சிகிச்சை. வடக்கு ஈராக்கிலும் கம்போடியாவிலும், சாலையும் ஆம்புலன்ஸும் சரியாக இல்லாத பகுதிகளில், கிராமத்து ஆட்களுக்கு முதலுதவியும் அவர்களுக்கு மேலே மருத்துவ உதவியாளர்களுக்குக் கூடுதல் பயிற்சியும் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2003இல் வெளியானது. கடுமையாகக் காயம்பட்டவர்களில் இறப்பு 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. பெரிய கருவி எதுவும் அதில் இல்லை.

இறங்குவதற்கு முன் இரண்டு பேரை இரு பக்கமும் நிறுத்தி வண்டிகளை மறிக்கச் சொல்லுங்கள். பைக் சாவியை அணைத்துவிடுங்கள். கையுறை இல்லையென்றால் பார்சல் கவரைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது. கறுப்பு பேன்ட்டிலும் மழைக்கோட்டிலும் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது. கழுத்து, அக்குள், இடுப்புக்கு அடி, தொடைக்கு அடி என்று உள்ளங்கையை நுழைத்து எடுத்து, கையைப் பாருங்கள். சிவந்திருந்தால் அந்த இடத்துத் துணியை வெட்டித் திறந்துவிடுங்கள். தலையில் சின்னக் கிழிசல்கூட முகமெல்லாம் வழிந்து பயமுறுத்தும். கூட்டம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தொடையிலிருந்து சத்தமில்லாமல் தாருக்குள் இறங்குகிற ரத்தம்தான் ஆளைக் கொல்லும்.

புள்ளி தெரிந்ததும் துவைத்த துண்டையோ, காயத்துக்குக் கட்டும் வலைபோன்ற காஸ் துணியையோ மடித்து அதன்மேல் வையுங்கள். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கை மடங்காமல், உடம்பின் பாரத்தை இறக்கி அழுத்துங்கள். விரல் நுனியால் லேசாகப் பிடித்தால் போதாது. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நடுவில் ‘நின்றுவிட்டதா’ என்று தூக்கிப் பார்த்தால், அப்போதுதான் உறைய ஆரம்பித்தது பிய்ந்துவரும். துணி நனைந்தால் மேலே இன்னொன்று வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். அதுவும் ஊறினால் கை சரியான இடத்தில் இல்லை என்று பொருள். ஒரே ஒருமுறை எடுத்து, ரத்தம் வரும் வாயைக் கண்டுபிடித்து அங்கே அழுத்துங்கள். துணியை மலைபோல் அடுக்கினால் அழுத்தம் பரவி வீணாகிவிடும். காபித்தூள், மஞ்சள்தூள், பஞ்சு எதுவும் வேண்டாம். தூள் ரத்தத்தை நிறுத்தாது. பிறகு ஆபரேஷன் தியேட்டரில் அதைக் கழுவி எடுப்பதற்கே நேரம் போகும்.

கவட்டையிலும் அக்குளிலும் குழிவான காயம் என்றால் மேலே அழுத்தினால் உள்ளே எட்டாது. காஸ் ரோலின் நுனியை விரலால் காயத்தின் அடிவரை தள்ளி, இடமே இல்லாமல் அடைத்து, பிறகு மேலே அழுத்த வேண்டும். அவர் வலியில் கத்துவார். நிறுத்தாதீர்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் இப்படி அடைக்கக் கூடாது.

இப்போது கயிறு. சணல் கயிறு, ஷூ லேஸ், கைக்குட்டை இவற்றால் கட்டுவது பெரும்பாலும் கேடாகத்தான் முடிகிறது. காரணம் எளிது. இதயத்துக்குத் திரும்பும் சிரைகள் தோலுக்கு அருகே, மெல்லிய சுவரோடு இருக்கின்றன. கொஞ்சம் இறுக்கினாலே மூடிக்கொள்ளும். ரத்தத்தைக் கொண்டுவரும் தமனி ஆழத்தில், தடித்த சுவரோடு இருக்கிறது. அரைகுறைக் கட்டுக்கு அது மூடாது. உள்ளே வரும் வழி திறந்து, திரும்பிப் போகும் வழி மூடினால், காயத்திலிருந்து ரத்தம் முன்பைவிட அதிகமாகக் கொட்டும். மெல்லிய கயிறு தோலையும் நரம்பையும் வேறு அறுக்கும்.

கை காலில் அழுத்தியும் நிற்காமல் பீறிடுகிறது, அல்லது உறுப்பே துண்டாகிவிட்டது என்றால் கட்டத்தான் வேண்டும். இரண்டு அங்குல அகலத்துக்குத் துண்டை மடித்துக்கொள்ளுங்கள். காயத்துக்கு மேலே நான்கு விரற்கடை தள்ளி, மூட்டின்மேல் படாமல் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுங்கள். அதன்மேல் ஒரு ஸ்பேனரை வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டுத் திருகுங்கள். பேனா ஒடிந்துவிடும், கரண்டிக் காம்பு வளைந்துவிடும். ரத்தம் நின்றால்தான் போதுமான இறுக்கம். அதுவரை எத்தனை திருகு ஆனாலும் சரி. நின்றதும் ஸ்பேனர் பின்னோக்கிச் சுழலாதபடி கட்டிவிட்டு, நேரத்தை எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் கையில் சேர்ந்தால் உறுப்புக்குப் பெரும்பாலும் பழுது வராது. ‘ரத்தம் ஓடட்டும்’ என்று வழியில் தளர்த்திவிடக் கூடாது.

ரத்தத்துக்கு அடுத்தபடி மூச்சு. மல்லாந்து கிடக்கிறவர் குறட்டை விட்டால் ‘மயக்கம்தான், தூங்குகிறான்’ என்பார்கள். அது நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும் சத்தம். சாராய வாடை வந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தலைமாட்டில் மண்டியிட்டு, இரு காதுகளுக்கும் கீழே தாடை வளையும் இடத்தில் விரல்களைக் கொடுத்து, கழுத்தை அசைக்காமல் தாடையை மேல்நோக்கித் தள்ளினால் சத்தம் நின்று காற்று ஓடும். வாந்தியோ ரத்தமோ வாயில் தேங்கினால், மூன்று பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு ஒரே கோட்டில் இருக்கும்படி பக்கவாட்டில் திருப்புங்கள். ஹெல்மெட் மூச்சுக்குத் தடையில்லை என்றால் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அப்படியே விடலாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்க, இன்னொருவர் பட்டையை வெட்டி, இரு பக்கமும் விரித்து மெதுவாக உருவ வேண்டும். கழுத்துப்பட்டை தேடி ஓட வேண்டாம். முதலுதவி செய்பவர்கள் வழக்கமாக அதை மாட்ட வேண்டியதில்லை என்று சர்வதேச வழிகாட்டுதல் 2015லேயே மாறிவிட்டது.

தண்ணீரும் சோடாவும் அன்பால் கொடுப்பதுதான். ஆனால் அரை மயக்கத்தில் இருப்பவர் குடித்தது நுரையீரலுக்குள் போகும்; ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போதும் அதே ஆபத்து. தாகமென்றால் உதட்டை நனையுங்கள். முகத்தில் அடிக்கும் தண்ணீர் இன்னொரு வகையில் கெடுக்கிறது. உடல் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரத்தம் உறையும் தன்மை குறைகிறது. கடலூர் வெயிலில் குளிரா என்று தோன்றும். ரத்தம் இழந்த உடம்பு மே மாதத்திலும் சில்லிட்டுப்போகும். காய்ந்த போர்வை போர்த்துங்கள். நடுப்பகல் என்றால் அடியிலும் ஒன்று வேண்டும், தார் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

காத்திருப்பதா, ஏற்றுவதா? நீங்கள் அழுத்தி நிறுத்தக்கூடிய ரத்தம் என்றால் நிறுத்திவிட்டு 108க்குக் காத்திருங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்துக்காயம், வயிறு இறுகி முகம் வெளிறுவது, மூச்சு நிமிடத்துக்கு நிமிடம் மோசமாவது — இவற்றுக்கு ரோட்டில் மருந்தில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் ஆம்புலன்ஸ்களில் உயர்சிகிச்சை சேர்த்தபோது, கடுமையாக அடிபட்டவர்கள் பிழைப்பது கூடவில்லை (2008). ஹூஸ்டனில் உடற்பகுதியில் குத்துப்பட்டும் சுடப்பட்டும் வந்தவர்களில், ஆபரேஷன் தொடங்கும்வரை டிரிப் ஏற்றாமல் வைத்திருந்தவர்கள் 70 சதவீதமும், உடனே ஏற்றியவர்கள் 62 சதவீதமும் பிழைத்தார்கள் (1994). ஆகவே இப்படிப்பட்டவருக்கு, வண்டி வரத் தாமதமாகும் என்று 108லேயே சொன்னால், தட்டையாகப் படுக்கவைக்கும் லோடு வேன் கிடைத்தால் ஏற்றலாம். ஷேர் ஆட்டோவில் உட்காரவைத்துத் தலை முன்னால் தொங்கினால் மூச்சுவழி மூடி வழியிலேயே இறந்துவிடுவார். அழுத்துகிற கை கூடவே வண்டியில் ஏற வேண்டும். எடுத்த முடிவை 108க்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் இடம் எல்லை. அழைத்ததும் முதலில் சொல்ல வேண்டியது ‘முள்ளோடை, புதுச்சேரிப் பக்கம்’ அல்லது ‘தமிழ்நாட்டுப் பக்கம்’ என்பதைத்தான். பிறகு அடையாளம், எத்தனை பேர், யார் பேச்சுமூச்சில்லாமல் இருக்கிறார். போனை வைக்காமல் அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். தெற்கே மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை, வடக்கே கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் மருத்துவக் கல்லூரிகள், ஊரைத் தாண்டிக் கோரிமேட்டில் ஜிப்மர். தலையில் அடிபட்டு நினைவு மங்குகிறவருக்கு சி.டி. ஸ்கேனும் மூளை அறுவை மருத்துவரும் உள்ள இடம்தான் வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று எதிலாவது இறக்கி, அங்கிருந்து மறுபடி மாற்றுவதில் மணிக்கணக்கில் போகும்.

கேஸ் பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் சிவில் வழக்கும் கிரிமினல் வழக்கும் போட முடியாது என்கிறது. பெயர் சொல்லக் கட்டாயமில்லை. மருத்துவமனையில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடும்போதும் உங்களைப் பிடித்துவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. செலவைப் பற்றிக் குடும்பத்தாருக்கும் சொல்லுங்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் உண்டு. மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்வரை ரொக்கமில்லாச் சிகிச்சை கிடைக்கும்.

கடைக்கு: பத்து சென்டிமீட்டர் அகல காஸ் ரோல் ஆறு, அதே அகலத்தில் கிரேப் பேண்டேஜ் நான்கு, கையுறை ஒரு பெட்டி, துணி வெட்டும் பலமான கத்தரி, இரண்டு போர்வை, ஒரு டார்ச், ஒரு மார்க்கர் பேனா. டூர்னிக்கெட் (ஸ்பேனர் கட்டுக்குப் பதிலாகக் கடையில் கிடைக்கும் திருகுப்பட்டை) வாங்கினால் மலிவுப் போலி வேண்டாம். திருகும்போது அதன் பிளாஸ்டிக் கம்பி ஒடியும். இந்தப் பெட்டி கல்லாவுக்குக் கீழே, கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மார்க்கர் எதற்கென்றால், விபத்து நடந்த நேரத்துக்கு. டிரானெக்சாமிக் ஆசிட் என்ற விலை குறைந்த ஊசிமருந்து ரத்தப்போக்கால் வரும் இறப்பைக் குறைக்கிறது என்று 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் காட்டியது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். அதற்குப் பிறகு கொடுத்தவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் கூடினார்கள். நினைவில்லாமல் வரும் ஒருவர் எப்போது அடிபட்டார் என்று மருத்துவருக்குச் சொல்ல, பார்த்த நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். அவர் கையிலோ நெற்றியிலோ ‘விபத்து 7.40, கட்டு 7.46’ என்று பெரிதாக எழுதி, 108இல் வரும் மருத்துவ உதவியாளரிடம் வாயாலும் சொல்லுங்கள்.